சைக்கிள் தடத்தில் கார் நிற்காமல் காப்பது எப்படி

நகரச் சாலையில் சைக்கிளுக்கென்று ஒதுக்கப்படும் தடத்தின் அகலம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை இருக்கும். ஒரு சாதாரணக் காரின் அகலமோ ஏறக்குறைய 1.8 மீட்டர். ஆகவே அங்கே ஒரு கார் நின்றுவிட்டால் அந்த இடத்தில் தடமே இல்லாமல் போகிறது. சைக்கிளில் வருபவர் அந்தக் காரைச் சுற்றிப் போவதற்காக, தன்னைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பின்னால் வரும் வண்டிகளுக்கு நடுவே நுழைய வேண்டியிருக்கிறது. அதே கணத்தில் நிற்கும் காரின் கதவும் திறக்கலாம். பழகிய ஒருவர் இதைச் சமாளித்துவிடுவார். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அறுபதைத் தாண்டியவரும் இரண்டொரு முறை இப்படித் தடுமாறினால் சைக்கிளை எடுப்பதையே விட்டுவிடுவார்கள். வாய்க்காலின் ஓரிடத்தில் மண் சரிந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதுபோலவே, ஐந்து கிலோமீட்டர் தடத்தில் ஓரிடம் அடைபட்டாலும் அந்த ஐந்து கிலோமீட்டரும் அவர்களுக்குப் பயன்படாது.

இதைச் சரிசெய்ய முனைபவர் அந்தத் தெருவில் குடியிருப்பவராகவோ, பெற்றோராகவோ, நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காரோட்டிகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் தடம் காலியாக இருக்காது. அபராதத்தை மட்டும் நம்பினாலும் அப்படியே. கார் நுழைய முடியாதபடி தடத்தை அமைக்க வேண்டும். வண்டியை நிறுத்தியே ஆக வேண்டியவருக்குப் பக்கத்திலேயே வேறு இடம் கொடுக்க வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து நடந்த தெருக்களில்தான் தடம் ஆண்டுக்கணக்கில் காலியாக இருக்கிறது. புகார் எழுதுவது, எண்ணிக்கை எடுப்பது, அதிகாரிகளைச் சந்திப்பது ஆகிய மற்றெல்லாம் அந்த இரண்டுக்கும் வழி செய்யும் வேலைகள்.

நிற்பது யார், எதற்காக?

தடத்தில் என்னென்ன வண்டிகள் நிற்கின்றன, எதற்காக, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. “எப்போதும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்” என்ற பொதுவான குறையை எந்த அலுவலகத்திலும் காதில் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார்கள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையில், மாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணிக்குள், இத்தனை வண்டிகள் நின்றன, அவற்றில் இத்தனை சரக்கு வேன்கள் என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதிகமாக அடைபடும் இருநூறு மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் ஒவ்வொரு மணி நேரம் பார்த்தால் தெருவின் போக்கு தெரிந்துவிடும். வண்டி வந்த நேரம், போன நேரம், வண்டியின் வகை, ஓட்டுநர் உள்ளேயே இருந்தாரா இறங்கிப் போனாரா, எந்த வாசலுக்குப் போனார் என்பவற்றை வரிசையாகக் குறியுங்கள். அந்த நேரத்தில் எத்தனை சைக்கிள்கள் தடத்தைவிட்டு வண்டிகளுக்கு நடுவே போக நேர்ந்தது என்ற எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள். அபாயத்தின் அளவைக் காட்டுவது அந்த எண்தான். இந்தக் கணக்குக்கு வண்டிகளின் பதிவெண்கள் தேவையில்லை, தனியாட்களைக் குற்றம் சாட்டுவது இதன் நோக்கமும் இல்லை.

இப்படி ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தால், வெறுமனே கடந்து போகும்போது தெரியாத ஒன்று தெரியவரும். ஒரு வேன் வந்து நிற்கும், நான்கு விளக்குகளும் மின்னத் தொடங்கும், ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடுவார், மூன்று நிமிடத்தில் திரும்பி வந்து வண்டியை எடுத்துவிடுவார். கேட்டால் “இரண்டே நிமிடம்” என்பார். அவரளவில் அது ஏறத்தாழ உண்மைதான். அவர் விட்டுப் போன இடத்தில் இன்னொரு வேன் வந்து நிற்கும். அதற்குப் பிறகு பயணியை இறக்கிவிடும் வாடகைக் கார், அதற்கடுத்து ஒருவர் மருந்து வாங்கப் போயிருக்க இன்னொருவர் உள்ளே காத்திருக்கும் குடும்பக் கார். தனித்தனியே ஒவ்வொருவரும் சிறிது நேரமே நின்றிருக்க, தடம் மட்டும் அந்த மணி நேரத்தின் பெரும்பகுதி அடைபட்டே கிடக்கும். தனி ஒருவரைத் திட்டித் தீர்க்கக்கூடிய சிக்கல் இது இல்லை என்பது அப்போது விளங்கும்.

நிற்பவர்களின் வகைக்கேற்பத் தீர்வும் மாறும். சரக்கு இறக்குபவருக்குச் சரக்கு இறக்கும் இடம் வேண்டும். வாடகைக் காருக்குப் பயணிகள் ஏறி இறங்கும் இடம் வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் வரும் நெரிசலுக்குப் பள்ளியோடு பேச வேண்டும். இரவெல்லாம் நிறுத்திவைக்கும் குடியிருப்பாளரையும், தன் கடை வாசலிலேயே காலை முதல் இரவுவரை காரை நிறுத்தும் கடைக்காரரையும் தடுப்புக் கம்பத்தாலோ தொடர்ந்த அபராதத்தாலோதான் நகர்த்த முடியும். உங்கள் தெருவில் எந்த வகை மிகுதி என்று தெரியாமல் கேட்கும் தீர்வு பெரும்பாலும் வேறு தெருவுக்கு ஏற்ற தீர்வாகத்தான் இருக்கும்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

புகார் எழுதுவதற்கு முன்பு உங்கள் ஊரின் விதியைப் படித்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்துக்கான 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டம் அனுமதித்தாலன்றிச் சைக்கிள் பாதைகளில் வண்டிகள் நிற்கக் கூடாது என்று சொல்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தனக்கேற்ப விதி வகுத்திருக்கிறது. நுணுக்கங்கள் அந்த விதிகளில்தான் இருக்கின்றன.

கவனிக்க வேண்டிய முதல் நுணுக்கம் கோட்டின் வகை. பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டின்படி, தொடர்கோட்டால் பிரிக்கப்பட்ட சைக்கிள் தடத்தில், அது நடைமுறையில் உள்ள நேரங்களில், வண்டி ஓட்டவோ நிறுத்தவோ கூடாது. விட்டுவிட்டு வரையப்பட்ட கோடாக இருந்தால், தவிர்க்க முடியாத நிலையில் தவிர நுழையக் கூடாது. பார்ப்பதற்குச் சிறிய வேறுபாடு என்றாலும், முதல் வகைத் தடத்தில் அபராதம் விதிப்பது எளிது, இரண்டாம் வகையில் கடினம். உங்கள் தெருவில் இருப்பது விட்டுவிட்டு வரையப்பட்ட கோடானால், அதைத் தொடர்கோடாக மாற்றச் சொல்வதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கலாம்.

இரண்டாவது நுணுக்கம், சற்று நேரம் நிற்பதற்கும் பார்க்கிங் செய்வதற்கும் பல நாட்டுச் சட்டங்கள் வைத்திருக்கும் வேறுபாடு. ஜெர்மனியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ ஓட்டுநர் வண்டியைவிட்டு அகன்றாலோ அது பார்க்கிங் ஆகிவிடும். அங்கே விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுள்ள தடங்களில் முன்பு பார்க்கிங் மட்டுமே தடுக்கப்பட்டிருந்தது. 2020-இல் விதியைத் திருத்தி, சற்று நேரம் நிற்பதையும் தடுத்தார்கள். மேலே சொன்ன மூன்று நிமிட வேனை நினைத்துப் பார்த்தால் இந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். உங்கள் ஊரில் ‘நோ பார்க்கிங்’ பலகை மட்டும் இருந்து, வண்டி நிற்பதையே தடுக்கும் பலகை இல்லையென்றால், பலகையை மாற்றக் கேளுங்கள்.

அபராதத் தொகையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பிரான்சில் 2015 முதல் சைக்கிள் தடத்தில் நிறுத்தினால் 135 யூரோ. நியூயார்க்கில் 115 டாலர். தொகை இருந்தும் அங்கெல்லாம் தடங்கள் அடைபடாமல் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை விதிக்கப்படும் பெரிய தொகையைவிட, ஒவ்வொரு நாளும் விதிக்கப்படும் என்று எல்லாருக்கும் தெரிந்த சிறிய தொகைதான் பழக்கத்தை மாற்றும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே தொகையை உயர்த்தச் சொல்வதைவிட, போக்குவரத்துக் காவலர் அந்த இருநூறு மீட்டருக்குக் குறித்த நேரத்தில் வாரம் முழுவதும் வர வேண்டும் என்று கேளுங்கள்; எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை உங்கள் கணக்கே காட்டும். காவலர் சைக்கிளிலேயே சுற்றி வந்தால் இன்னும் நல்லது. நெரிசலில் சிக்காமல் வந்து சேர்வதோடு, அடைபட்ட தடம் எப்படிப்பட்டது என்பதும் அவருக்கு உடலால் தெரியும். சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் கேமரா உதவும். லண்டன் போக்குவரத்து நிறுவனம் தன் பொறுப்பிலுள்ள முக்கியச் சாலைகளில், தொடர்கோடுள்ள சைக்கிள் தடங்களுக்குள் நுழையும் வண்டிகளுக்கு 2022 ஜூன் முதல் கேமரா வழியாக 160 பவுண்ட் வரை அபராதம் விதிக்கத் தொடங்கியது.

புகாரும் படமும்

காவலருக்கோ மாநகராட்சிக்கோ அனுப்பும் படம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: வண்டி எது, தடம் எது, இடம் எது. பதிவெண் பலகை தெளிவாகத் தெரியும் ஒரு படமும், சக்கரங்களின் கீழே தடத்தின் கோடோ சைக்கிள் குறியோ தெரியும் ஒரு படமும், பக்கத்துக் கட்டடமோ தெருப் பெயர்ப் பலகையோ தெரியும் ஒரு படமும் எடுங்கள். வண்டி நின்றுகொண்டே இருந்தது என்று காட்ட, சில நிமிடங்கள் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துவிட்டால் போதும். உள்ளே இருப்பவர்களின் முகமும் தெருவில் நடப்பவர்களின் முகமும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அனுப்புவதற்கு முன் மறைத்துவிடுங்கள்.

இப்படிப் படம் எடுப்பது சரியா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் நிர்வாக நீதிமன்றம், விதியை மீறி நிறுத்தப்பட்ட வண்டிகளைப் படமெடுத்துக் காவல்துறைக்கு அனுப்புவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது இல்லை என்று 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் இதே நிலை என்று கொள்ளக் கூடாது. மேலும், அதிகாரிகளுக்கு அனுப்புவது வேறு, பதிவெண்ணோடு சமூக வலைத்தளத்தில் போடுவது வேறு. இரண்டாவதை எங்கேயும் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. அதனால் ஒரு தடமும் காலியாவதில்லை. தெருவில் பகை மட்டும் வளரும்.

ஓட்டுநரோடு நேருக்கு நேர் வாக்குவாதம் செய்ய வேண்டாம். கண்ணாடியைத் தட்டுவது, வண்டியில் ஒட்டுத்தாள் ஒட்டுவது, கீறுவது போன்றவை உங்களையே குற்றவாளியாக்கிவிடும். லிதுவேனியத் தலைநகர் வில்னியஸின் அப்போதைய மேயர் அர்தூரஸ் சுவோகாஸ், 2011-இல் சைக்கிள் தடத்தில் நின்ற ஒரு சொகுசுக் காரின் மீது கவச வண்டியை ஏற்றி நசுக்கிய காணொளி உலகெங்கும் பரவியது. அது முன்கூட்டியே திட்டமிட்டு எடுக்கப்பட்ட காட்சி. ஒரு நகரத்தின் தலைவரே சிக்கலைப் பொருட்படுத்துகிறார் என்று காட்ட அது உதவியது. தனி மனிதர் கையில் எடுக்க வேண்டிய வழி அது இல்லை.

கார் நுழைய முடியாத தடம்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிக்கே அதிக உழைப்பைக் கொடுங்கள். வெறும் பெயின்டால் வரைந்த கோடு எந்தச் சக்கரத்தையும் நிறுத்தியதில்லை. காவலர் இல்லாத நேரத்திலும் வேலை செய்வது கல்லும் கம்பமும் உயரமும்தான்.

கோபன்ஹேகன் நகரில் சைக்கிள் பாதை சாலையைவிட ஒரு படி உயரத்திலும், நடைபாதையைவிட ஒரு படி தாழ்வாகவும் இருக்கும். சாலையோரத்தில் நிற்கும் கார்கள் அந்தப் பாதைக்கு வெளியே, சாலையின் பக்கமாக நிற்கும். இரண்டு ஓரக்கற்கள், அவ்வளவுதான். கார் ஏறினால் ஏறியது எல்லாருக்கும் தெரியும், ஏறுகிறவருக்கும் தனக்குரியது இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்று தெரியும். சாலையைப் புதிதாகத் தோண்டிப் போடும் வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்தால், அதன் வரைபடம் முடிவாவதற்கு முன்பே இந்த அமைப்பைக் கேளுங்கள். பின்னால் சேர்ப்பதைவிட அப்போது செலவு மிகக் குறைவு.

சாலையைத் தோண்டாமல் செய்யக்கூடியது, தடத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் இடம் மாற்றுவது. பல ஊர்களில் நடைபாதையை ஒட்டிக் கார் நிறுத்துமிடமும், அதற்கு வெளியே சைக்கிள் தடமும் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு காரும் தன் இடத்துக்குப் போகத் தடத்தைக் கடந்தே தீர வேண்டும், இடம் கிடைக்காதபோது தடத்திலேயே நின்றுவிடும். இதைத் திருப்பிப் போட்டு, நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் தடத்தையும் அதற்கு வெளியே கார்களையும் வைத்தால், நிற்கும் கார்களே சைக்கிளுக்கு மதிலாகிவிடுகின்றன. நியூயார்க் நகரம் 2007-இல் மன்ஹாட்டனின் ஒன்பதாம் அவென்யூவில் இப்படி அமைத்தது. இதில் மறக்கக் கூடாதது, காருக்கும் தடத்துக்கும் இடையில் கதவு திறக்கும் அளவுக்கு விடும் இடைவெளி. குறைந்தது 0.9 மீட்டர் வேண்டும்; அதில் குறுக்குக் கோடுகள் வரைந்து, கம்பமும் நட்டுவிட்டால் கார்கள் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வருவதும் நிற்கும். தெருமுனைக்கு முன்னால் சில மீட்டர் தூரத்துக்குக் கார் நிறுத்துமிடம் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்பும் காருக்குச் சைக்கிளும், சைக்கிளுக்குத் திரும்பும் காரும் தெரிவது அந்தச் சில மீட்டரால்தான்.

குறைந்த செலவில் விரைவாக முடிவது வளையும் பிளாஸ்டிக் கம்பம். இதைப் போடும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கம்பங்களுக்கு இடையே ஒரு காரின் நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டால், கார் அதன் வழியாக நுழைந்து கம்பங்களுக்கு உள்ளேயே வசதியாக நிற்கும். அப்போது சைக்கிளில் வருபவருக்கு வெளியே போகவும் வழியில்லாமல் போகும், இது வெறும் கோட்டைவிட மோசமான நிலை. இடைவெளி மூன்று மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது, வளையும் கம்பம் வளைந்து கொடுக்கும் என்பது ஓட்டுநர்களுக்கும் தெரிந்துவிடும். சில மாதங்களில் பாதிக் கம்பங்கள் முறிந்து, அடிப்பகுதி மட்டும் தரையில் நிற்கும். ஆகவே கம்பத்தோடு கம்பமாக, காங்கிரீட் ஓரக்கல்லையோ கனமான செடித் தொட்டியையோ இடையிடையே வைக்கக் கேளுங்கள். குறைந்தது ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அசையாத ஒன்று இருக்க வேண்டும். தரையோடு தாழ்வாக இருக்கும் பிளாஸ்டிக் மேடுகளைப் பல நகரங்கள் பயன்படுத்துகின்றன. கார் அவற்றின் மேல் ஏறிவிட முடியும், நடந்து கடப்பவரின் காலில் அவை தட்டவும் கூடும் என்பதால் தனியாக அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

தடத்தின் வாய் தனிக் கவனம் கேட்கும் இடம். இருபக்கமும் எவ்வளவு வலுவாகத் தடுத்தாலும், தெருமுனையில் தடம் தொடங்கும் இடம் திறந்திருந்தால் கார் நேராக உள்ளே வந்துவிடும். இருவழிச் சைக்கிள் பாதையைப் போல மூன்று மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால், அது தனக்கென்று விட்ட சந்து என்றே புதிதாக வரும் ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். வாயின் நடுவில் ஒரு தடுப்புக் கம்பம் போதும். ஆனால் கம்பத்துக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்று 2020-இல் வெளிவந்த இங்கிலாந்தின் சைக்கிள் வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது. மூன்று சக்கர சைக்கிளும், சரக்கு சைக்கிளும், மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் கைம்மிதி வண்டியும் அந்த இடைவெளியில் போகும், கார் போகாது. இரவில் ஒளிரும் பட்டை ஒட்டாத கம்பம் சைக்கிளுக்கே ஆபத்து, அதையும் கோரிக்கையில் எழுதிவிடுங்கள்.

அதிகாரிகள் எழுப்பும் மறுப்புகள் பெரும்பாலும் நியாயமானவை, அவற்றுக்கு விடை வைத்துக்கொண்டு போனால் பேச்சு முன்னேறும். தீயணைப்பு வண்டி எப்படி வரும், வீட்டு வாசலுக்குக் கார் எப்படி நுழையும், மழைநீர் வடிகாலை எப்படிச் சுத்தம் செய்வது, தெரு பெருக்கும் இயந்திரம் எப்படிப் போகும், சக்கர நாற்காலியில் வருபவர் காரிலிருந்து நடைபாதைக்கு எப்படி வருவார் என்று கேட்பார்கள். வாசல்களுக்கு நேரே இடைவெளி விட்டு, அதன் இருமுனையிலும் கம்பம் நடலாம். பெருக்கும் இயந்திரத்தின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்பத் தடத்தை வைக்கலாம். சக்கர நாற்காலிக்குச் சரிவோடு கூடிய இறங்குமிடத்தைக் குறித்த இடங்களில் அமைக்கலாம். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எழுப்புங்கள். சைக்கிளுக்காகப் போராடும்போது, நடக்க முடியாதவரின் வழியை அடைத்துவிடக் கூடாது.

பணமோ அனுமதியோ உடனே கிடைக்காது என்றால், ஒரு நாள் செயல்விளக்கம் செய்து காட்டலாம். 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் சைக்கிள் ஓட்டுவோர் தடத்தின் கோட்டில் வரிசையாக நின்று, தாங்களே வேலியாகிக் காட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், கழிவறை அடைப்பை நீக்கும் ரப்பர் கோப்பைகளைக் கம்பம்போல் வரிசையாக வைத்துத் தடத்தைப் பிரித்தார்கள். எளிய ஒரு தடுப்புகூட ஓட்டுநர்களைத் தள்ளிப் போகச் செய்கிறது என்பதை இப்படிக் கண்முன்னே காட்டிவிட முடியும். முன் அனுமதியோடு, காவலர் ஒருவரையும் அழைத்துச் செய்தால் அதிகாரிகளும் நின்று பார்ப்பார்கள்.

நிறுத்த வேறு இடம்

தடுப்பு மட்டும் வைத்து, நிறுத்த வேறு இடம் தராவிட்டால், அதே வேன் சாலையின் நடுவே நின்று எல்லாரையும் மறிக்கும். அல்லது நடைபாதையில் ஏறும். ஒரு வாரத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தடத்தையே நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் தடுப்புக்கான கோரிக்கையையும் மாற்று இடத்துக்கான கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்.

சரக்கு இறக்கும் இடம், இறக்க வேண்டிய வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருந்தால்தான் பயன்படும். கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவின் முனையில் இரண்டு கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டு, பகல் நேரத்தில் இருபது நிமிடம் மட்டும் சரக்கு வண்டி நிற்கலாம் என்று பலகை வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். தள்ளுவண்டி ஏறுவதற்கு நடைபாதையில் சரிவும் வேண்டும். வாடகைக் கார் செயலிகளில் பயணி எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதை வரைபடத்தில் மாற்றிவைக்க முடியும். அந்த நிறுவனங்களிடம் இதைக் கேட்க வேண்டியது நகர நிர்வாகம், நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது நீங்கள்.

சாலையோர நிறுத்தக் கட்டணமும் இதோடு தொடர்புள்ளது. கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த கருத்து, ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும்படி, அதாவது ஏறக்குறைய 85 விழுக்காடு மட்டும் நிரம்பும்படி, கட்டணத்தை வைக்க வேண்டும் என்பது. இடம் காலியாக இருந்தால் தடத்தில் நிறுத்தும் தேவை குறையும். தேவைக்கேற்பக் கட்டணத்தை மாற்றும் முறையைச் சான் பிரான்சிஸ்கோ 2011-இல் தொடங்கிச் சோதித்தபோது, அந்தப் பகுதிகளில் நிற்கும் காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரை நிறுத்தும் வழக்கமும் குறைந்தது.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் மணலும் கம்பியும் தடத்தில் குவிக்கப்பட்டால், அதற்கு அனுமதி வாங்கினார்களா, மாற்றுத் தடம் விட்டார்களா என்று கேளுங்கள்.

கடைக்காரரிடமும் அலுவலகத்திலும் பேசுதல்

கடைக்காரர்களைக் கடைசியில் சந்திப்பது பெரிய பிழை. கணக்கெடுப்பு முடிந்ததும் முதலில் அவர்களிடம் போய், உங்கள் தாளைக் காட்டி, சரக்கு எந்த நேரத்தில் வருகிறது, எந்த வண்டியில் வருகிறது என்று கேளுங்கள். தடத்தை மறிக்கும் கார்களில் வாடிக்கையாளருடையது எத்தனை, கடையில் வேலை செய்வோருடையது எத்தனை என்பதை அவர்களோடு சேர்ந்து பார்த்தால், வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தைச் சொந்தக் காரே அடைத்துக்கொண்டிருப்பது சில நேரம் அவர்களுக்கே தெரியவரும். ஒரு கடைக்காரர் உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், அது சைக்கிள் ஓட்டுவோர் ஐம்பது பேரின் கையெழுத்துக்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இடம், எண்ணிக்கை, நிற்பவர்களின் வகை, கேட்கும் தடுப்பு எங்கிருந்து எங்கு வரை, கேட்கும் சரக்கு இடம் எங்கே என்பவற்றோடு ஒரு எளிய வரைபடத்தையும் சேருங்கள். “நிரந்தரமாக” என்று கேட்பதைவிட “ஆறு மாதச் சோதனையாக” என்று கேட்டால் ஒப்புதல் எளிதில் கிடைக்கும். முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்போம் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள். சாலைத் துறை, போக்குவரத்துக் காவல், மாநகராட்சி ஆகிய மூன்றுக்கும் ஒரே கடிதத்தின் நகலை அனுப்பினால், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டும் வாய்ப்பு குறையும்.

அதுவரை

கோரிக்கை நிறைவேறும்வரை சைக்கிளில் போகிறவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். மறித்து நிற்கும் காரைத் தொலைவிலேயே கவனித்து, நெருங்குவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, கை காட்டி, மெல்ல வெளியே வாருங்கள். காரின் பின்புறம் வரை வந்துவிட்டுச் சட்டென்று விலகுவதுதான் ஆபத்து. நிற்கும் காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், கதவு அந்த அளவுக்குத் திறக்கும். பின்னால் வரும் வண்டிகளுக்கு இடையே நுழைய இடமில்லை என்றால் நின்று இறங்கி, நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைவும் இல்லை.

கார் ஓட்டுபவர் இறங்கும்போது கதவுக்கு அருகிலுள்ள கையால் திறக்காமல், தூரத்துக் கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நெதர்லாந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தப் பழக்கத்தைப் பிரிட்டன் 2022-இல் தன் சாலை விதிக் கையேட்டில் சேர்த்தது. காரில் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கம்பங்கள் நட்ட பிறகு, முன்பு எண்ணிய அதே இருநூறு மீட்டரில், அதே வேளைகளில் மறுபடியும் எண்ணுங்கள். மறித்து நின்ற வண்டிகள் எந்த வாசலுக்கு முன் இன்னும் மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பார்த்தால், அடுத்த கம்பமும் அடுத்த சரக்கு இடமும் எங்கே வேண்டும் என்று தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை தடத்தில் போய், முறிந்த கம்பங்களையும் மங்கிய குறிகளையும் படமெடுத்து, எந்த முனையிலிருந்து எத்தனையாவது கம்பம் என்ற குறிப்போடு அனுப்புங்கள். பராமரிப்புக்கு எந்தத் துறை பொறுப்பு, எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பதைச் சோதனைக்கு ஒப்புதல் வாங்கும்போதே எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டால், இந்தக் கடிதங்களுக்கு விரைவாகப் பதில் வரும்.